ஐந்து மணி விளக்கு
தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களின் தினசரி ஜெபம் குறித்துச் சில குறிப்புகள்

அம்மாவைப் பெற்ற ஆச்சி இறந்த பிறகு அவளுடைய பொருள்களைப் பங்கிட்டார்கள். நகை அத்தைமார்களுக்கும் சித்திக்கும் போனது. பித்தளைப் பானைகளை மாமா எடுத்துக்கொண்டார். யாரும் கேட்காத ஒன்று மீந்தது. அட்டை கிழிந்து, முதுகில் துணி ஒட்டித் தைத்த அவளுடைய வேதாகமம். தமிழ் படித்தவள் என்பதால் அது என்னிடம் வந்தது.

அதைத் திறந்து ஒழுங்காகப் பார்க்க எனக்குப் பத்து வருடங்கள் ஆகின. வெளிப்படுத்தின விசேஷம் முடியும் பக்கத்தில், காலி இடத்தில், பென்சிலால் தேதிகள் வரிசையாக இருந்தன. எண்ணினேன். முப்பத்தொன்று. ஒவ்வொன்றும் வேதாகமத்தை ஒருமுறை வாசித்து முடித்த நாள். வேதாகமத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். வாரநாளில் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் ஒரு வருடத்தில் முடிந்துவிடும். இந்தக் கணக்கை எங்கள் ஊர் ஓய்வுநாள் பள்ளியில் சின்ன வயதிலேயே சொல்லித்தருவார்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியிலிருந்து நிறுத்தப்பட்ட ஒரு பெண், அந்தப் பெரிய நூலை முப்பத்தொரு முறை முழுதாக வாசித்திருக்கிறாள். முனைவர் பட்டம் வாங்கிய நான் எந்த நூலையும் அத்தனை முறை வாசித்ததில்லை.

உள்ளே இன்னும் சில தேதிகள் இருந்தன. அவை ஓரங்களில், சங்கீதங்களின் அருகில் இருந்தன. தேதி மட்டும், சில இடங்களில் 'இரவு' என்ற ஒரு சொல். அம்மாவிடம் காட்டினேன். அம்மா வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "அதெல்லாம் உங்க தாத்தா அடிச்ச நாளு" என்றாள்.

இந்தக் கட்டுரை அந்த இரண்டு வகைத் தேதிகளைப் பற்றியது. அன்றாட ஜெபம், வேத வாசிப்பு, காணிக்கை ஆகிய சிறிய பழக்கங்கள் கடவுளோடு நெருங்குவதற்கான வழி என்று தமிழ்க் கிறிஸ்தவப் பெண்களுக்குக் கற்பிக்கப்பட்டன. அவர்கள் அந்த வழியில் நடந்து என்ன பெற்றார்கள், என்ன கொடுத்தார்கள் என்று கேட்டுப் பார்க்கிறேன். திருச்சபை வரலாற்று நூல்களில் ஆலயம் கட்டியவர்களும் குருப்பட்டம் பெற்றவர்களும் இருக்கிறார்கள். காலை ஐந்து மணிக்கு விளக்கேற்றியவர்கள் இல்லை.

வாய்ப்பாடமும் அச்சும்

ஜெபம் முதலில் தமிழ்ப் பெண்களுக்கு எழுத்தாக வரவில்லை, ஒலியாகத்தான் வந்தது. முத்துக்குளித்துறைப் பரதவர்கள் 1530களில் திருமுழுக்குப் பெற்றார்கள். 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தபோது, பெயரளவில் கிறிஸ்தவர்களாக இருந்த அவர்களுக்கு மந்திரங்களைத் தமிழில் மனப்பாடம் செய்வித்தார். பிறகு வந்த அண்ட்ரிக் அடிகளார் தமிழ் கற்று, 'தம்பிரான் வணக்கம்' என்ற சிறு நூலை 1578இல் கொல்லத்தில் அச்சிட்டார். பதினாறே பக்கங்கள். இந்திய மண்ணில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூல் அது. தமிழ் அச்சு வரலாற்றைப் பாடம் நடத்தும்போது இதைச் சொல்லாமல் போகமுடியாது. ஆனால் நாம் கேட்காமல் விடும் கேள்வி ஒன்று உண்டு. அந்த நூலை அன்று எத்தனை பெண்களால் வாசிக்க முடிந்திருக்கும்?

கத்தோலிக்கப் பெண்களின் கையில் இருந்தது வேறொரு நூல், செபமாலை. அதன் பழைய அமைப்பில் நூற்றைம்பது அருள்நிறை மந்திரங்கள். மடங்களில் துறவியர் சொன்ன நூற்றைம்பது சங்கீதங்களுக்கு ஈடாக, எழுத்தறியாத மக்களுக்கு அந்த எண்ணிக்கை அமைந்தது என்பார்கள். வாசிக்கத் தெரியாதவளின் விரல்களுக்குக் கிடைத்த சங்கீதப் புத்தகம் அது. மீன் காயவைத்துக்கொண்டே, பிள்ளையைத் தொட்டிலில் ஆட்டிக்கொண்டே சொல்லலாம். கடலுக்குப் போனவன் திரும்பும்வரை மணிகளை நகர்த்திக்கொண்டிருக்கலாம். வேலையை நிறுத்தாமல் செய்யக்கூடிய ஜெபம் என்பதால்தான் அது பெண்களிடம் நிலைத்தது என்று நினைக்கிறேன். பெண்ணுக்கு வேலை இல்லாத நேரம் என்று ஒன்றைச் சமூகம் ஒதுக்கியதே இல்லை.

சீர்திருத்தச் சபையார் வந்தபோது இன்னொரு கோரிக்கையும் வந்தது. தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய சீகன்பால்கு, ஜெர்மனியின் ஹாலே நகரத்துப் பக்தி இயக்கத்தைச் சேர்ந்தவர். ஒவ்வொரு விசுவாசியும் வேதத்தைத் தானே வாசிக்க வேண்டும், தன் சொந்தச் சொற்களில் ஜெபிக்க வேண்டும், வீட்டில் சிறு குழுவாகக் கூடிப் பேச வேண்டும் என்பது அந்த இயக்கத்தின் அடிப்படை. 'ஒவ்வொரு விசுவாசியும்' என்று சொல்லிவிட்டால் அதில் பெண்ணும் வந்துவிடுகிறாள். அவள் ஆத்துமாவை இரட்சிக்க அவளுக்கு எழுத்து வேண்டும். தரங்கம்பாடியில் ஆண்பிள்ளைகளுக்கு மட்டுமின்றிப் பெண்பிள்ளைகளுக்கும் பள்ளி தொடங்கியதன் காரணம் இதுதான். 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி வந்தது. பெண்ணுக்கு எழுத்துக் கொடுக்க அன்று யாரும் பெண் விடுதலை பேசவில்லை. அவள் ஜெபிக்க வேண்டும் என்பதே போதுமான காரணமாக இருந்தது.

பின்னால் வந்த விடுதிப் பள்ளிகளிலும் இதே தர்க்கத்தைப் பார்க்கலாம். யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன் 1824இல் தொடங்கிய உடுவில் பெண்கள் விடுதிப் பள்ளியும், நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் நடத்திய பெண்கள் பள்ளியும், பாளையங்கோட்டை சாராள் தக்கர் பள்ளியும் நல்ல கிறிஸ்தவ மனைவிகளையும் தாய்மாரையும் உருவாக்கவே தோன்றின. உபதேசியார்களுக்கும் ஆசிரியர்களுக்கும் படித்த மணப்பெண் தேவைப்பட்டாள். குடும்ப ஜெபத்தில் உட்கார்ந்து வசனம் வாசிக்கத் தெரிந்த மனைவி தேவைப்பட்டாள். இந்த நோக்கத்தைப் படிக்கும்போது நமக்குக் கோபம் வருகிறது. ஆனால் எழுத்து, கொடுத்தவரின் நோக்கத்துக்குள் அடங்கி இருப்பதில்லை. சங்கீதம் வாசிக்கக் கற்றவள் கடிதமும் வாசித்தாள், கடன் பத்திரமும் வாசித்தாள். ஆச்சி வாசித்தது அப்படித்தான். தாத்தா கைநாட்டு வைக்கச் சொன்ன ஒரு நிலப் பத்திரத்தை, வாசித்துப் பார்க்காமல் தரமாட்டேன் என்று அவள் சொன்ன கதை எங்கள் குடும்பத்தில் இன்றும் உண்டு.

மறுக்கப்பட்டவள் கட்டிய கோயில்

பாளையங்கோட்டையில் 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று ஊர்மக்கள் சொல்லும் பழைய ஆலயம் ஒன்று இருக்கிறது. அதைக் கட்டியவர் குளோரிந்தா. தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேயப் படை அதிகாரியோடு வாழ்ந்தவர். அவரிடமிருந்துதான் கிறிஸ்தவ ஜெபத்தைக் கற்றார். ஞானஸ்நானம் வேண்டும் என்று அவர் ஷ்வார்ட்ஸ் ஐயரிடம் கேட்டபோது, திருமணமின்றி ஒருவரோடு வாழ்பவர் என்ற காரணத்தால் அது மறுக்கப்பட்டது. லிட்டில்டன் இறந்த பிறகு, 1778இல்தான் கிடைத்தது.

இடையில் இருந்த அந்த வருடங்கள்தான் எனக்கு முக்கியமாகப்படுகின்றன. சபையில் சேர்க்கப்படாத ஒரு பெண், சபையின் ஜெபத்தை விடாமல் செய்துகொண்டிருந்தார். சுற்றியிருந்தவர்களையும் அதில் சேர்த்தார். 1780ஆம் ஆண்டுப் பாளையங்கோட்டைச் சபைப் பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்கள். முதல் பெயர் அவருடையது. 1785இல் ஆலயம் எழுந்தது. பின்னாளில் பெரிதாக வளர்ந்த திருநெல்வேலித் திருச்சபை, நெறி தவறியவள் என்று நிறுத்திவைக்கப்பட்ட ஒரு விதவையின் வீட்டு ஜெபத்திலிருந்து தொடங்குகிறது. 1915இல் அ. மாதவையா அவர் வாழ்வை ஆங்கிலத்தில் நாவலாக எழுதினார். இன்று அவரைப் பெருமையோடு சொல்கிறார்கள். அவரைப் போல இன்றைக்கு ஒரு பெண் வந்து நின்றால் பெண்கள் சங்கத்தில் எந்த வரிசையில் உட்காரவைப்பார்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்ள வேண்டும்.

திருவிதாங்கூரின் தெற்கே, ஜெபத்துக்கு உடுத்திப்போன உடையே போராட்டமானது. சாணார் என்று அழைக்கப்பட்ட நாடார் பெண்கள், மேலாடை அணிய உரிமையற்றவர்களாக வைக்கப்பட்டிருந்தார்கள். கிறிஸ்தவர்களான பெண்கள் குப்பாயம் அணிந்தார்கள். ஆலயத்துக்கு அணிந்த துணியைச் சந்தைக்கும் அணிந்துபோனபோது அது கிழிக்கப்பட்டது. 1820களில் தொடங்கிய மோதல்கள் 1858-59இல் உச்சமடைந்து, 1859 ஜூலையில் அரசப் பிரகடனம் வந்தது. அதுகூட உயர்சாதிப் பெண்களைப்போல் உடுத்தக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வந்தது. கடவுளுக்கு முன்னால் மூடிக்கொண்டு நிற்கத் தகுந்த உடல், சந்தையில் மட்டும் ஏன் தகாது என்று அந்தப் பெண்கள் தங்கள் உடம்பாலேயே கேட்டார்கள். அதே நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் பள்ளிச் சிறுமிகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அடிமைகளாக இருந்த சில பெண்கள் லேஸ் பின்னிய காசில் தங்கள் விடுதலையை விலைக்கு வாங்கினார்கள். ஜெபம், ஊசி, எழுத்து மூன்றும் ஒரே திண்ணையில் இருந்தன.

சத்தமாக ஜெபித்தல்

எழுத்துக்குப் பிறகு வந்தது பேச்சு. 1857இல் லண்டனில் எலன் ரான்யார்ட், ஏழை வீடுகளுக்கு வேதாகமம் கொண்டுபோக அந்த வீதியிலேயே வாழ்ந்த பெண்களை நியமித்தார். 'பைபிள் உமன்' என்ற பெயர் அங்கே பிறந்தது. சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவுக்கும் வந்தது. நம் ஊரில் அதை 'வேதப்பெண்' என்றார்கள், 'பைபிள் அம்மா' என்றார்கள். அவர்களில் பலர் விதவைகள். கையில் பை, காலில் செருப்பு, தெருவில் தனியே நடை. அன்றைய தமிழ்ப் பெண்ணுக்கு இந்த மூன்றும் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். ஆண்கள் நுழையமுடியாத உள்வீடுகளுக்குள் போய் உட்கார்ந்து வாசித்தார்கள், எழுத்துக் கற்பித்தார்கள், கேட்டார்கள். மிஷன் அறிக்கைகளில் அவர்கள் பெரும்பாலும் ஒற்றைப் பெயராக மட்டும் இருக்கிறார்கள்.

கொஞ்சம் கூடுதலாகத் தெரிகிறவர் பொன்னம்மாள். இளம் விதவை. டோனாவூரில் எமி கார்மைக்கேலோடு ஊர் ஊராகச் சென்ற பெண்கள் குழுவில் இருந்தவர். அந்தக் குழுவின் பெண்கள் தங்கள் நகைகளைக் கழற்றினார்கள். நகையைக் கழற்றுவது பக்தி என்று மட்டும் படித்தால் போதாது. தமிழ்ப் பெண்ணின் ஒரே சொத்து அது. அதே சமயம் அவளைக் கட்டிவைத்த சங்கிலியும் அதுவே. இரண்டையும் ஒரே நேரத்தில் கழற்றுவதற்கு எவ்வளவு நம்பிக்கை வேண்டும், எவ்வளவு இழப்பைத் தாங்க வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. பொன்னம்மாள் 1915இல் இறந்தார். அவர் வாழ்க்கையை எமி கார்மைக்கேல் ஆங்கிலத்தில் எழுதினார். பொன்னம்மாள் தானே எழுதியிருந்தால் அது எப்படி இருந்திருக்கும் என்ற ஏக்கம் எனக்கு உண்டு.

வீட்டிலிருந்த பெண்களுக்குப் பேச்சுப் பழக்கம் பெண்கள் சங்கத்தில் கிடைத்தது. வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் மாற்றி ஒருவர் சத்தமாக ஜெபிக்க வேண்டும். எழுதிவைத்ததை வாசிக்கக் கூடாது. முதல்முறை 'ஆண்டவரே' என்பதற்கு மேல் வராது. நான்காவது வாரம் மழை, பிள்ளை, கடன் என்று வரும். ஆறு மாதத்தில் ஊர் நடப்பு முழுதும் வரும். ஒவ்வோர் ஆண்டும் மார்ச் முதல் வெள்ளிக்கிழமை நடக்கும் உலக ஜெப நாளுக்கான வழிபாட்டு முறையை ஏதாவது ஒரு நாட்டுப் பெண்கள்தான் எழுதுகிறார்கள். 1927 முதல் உலக அளவில் நடக்கும் வழக்கம் அது. பிரசங்க பீடத்தில் ஏற அனுமதிக்கப்படாத காலத்திலும், அந்த ஒரு நாளில் எங்கள் ஊர்ப் பெண்கள் முன்னால் நின்று நடத்தினார்கள். ஆச்சி அன்று சரிகைக்கரைச் சேலை கட்டுவாள்.

இங்கே மொழி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தமிழ் வேதாகமத்தில் கடவுளின் பெயர் பலமுறை மாறியது. சீகன்பால்கு 'சர்வேசுரன்' என்றார். ஃபப்ரிசியஸ் 'பராபரன்' என்றார். 1871இல் வந்து இன்றும் சீர்திருத்தச் சபைகளில் வழங்கும் மொழிபெயர்ப்பு 'தேவன்' என்றது. பண்டிதர்களும் ஐயர்மார்களும் இதற்காகத் தலைமுறை தலைமுறையாக வாதிட்டார்கள். பெண்கள் அந்த வாதத்தில் அழைக்கப்படவில்லை. அவர்கள் தங்கள் ஜெபத்தில் 'அப்பா' என்றார்கள். புத்தகத்தின் 'நீர்', 'உம்முடைய' என்பதில் தொடங்கி, அழுகை வந்ததும் 'நீ கேக்க மாட்டியா?' என்று இறங்கினார்கள். கணவன் பெயரை வாயால் சொல்லாத, அவனை 'ஏங்க' என்று மட்டுமே அழைத்த ஒருத்தி, கடவுளை ஒருமையில் அழைத்துக் கணக்குக் கேட்டாள். தமிழுக்கு இது புதிதும் இல்லை. காரைக்கால் அம்மையாரும் ஆண்டாளும் இறைவனிடம் உரிமையோடு பேசியவர்கள்தான். அந்தக் குரல் மதம் மாறியும் அற்றுப்போகவில்லை. சமையலறையின் பின்கட்டில், யாரும் ஏட்டில் எழுதாத இடத்தில், அது தொடர்ந்தது.

பிடி அரிசி

உலையில் அரிசி போடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது காணிக்கையாக ஆலயத்துக்குப் போகும். வடகிழக்கே மிசோரம் பெண்கள் 1910இல் தொடங்கிய இதே வழக்கம் அங்கே ஒரு திருச்சபையையே தாங்கும் அளவுக்கு வளர்ந்தது. எங்கள் ஊரில் அவ்வளவு இல்லை. ஆனாலும் தன் கையில் காசே புழங்காத பெண்ணுக்கு, தானே தீர்மானித்துக் கொடுக்க இருந்த ஒரே பொருள் அந்தப் பிடி அரிசி. அது யாருடைய வயிற்றிலிருந்து வந்தது என்பதும் தெரிந்ததுதான். வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவளின் பங்கில்தான் ஒரு பிடி குறையும்.

அம்மாவுக்குப் பள்ளி இறுதித் தேர்வுக் கட்டணம் கட்டவேண்டிய வருடம், பொட்டப்பிள்ளைக்கு இது போதும் என்று தாத்தா பணம் தர மறுத்தார். ஆச்சி இரண்டு மாதத்துப் பிடி அரிசியை ஆலயத்துக்குக் கொண்டுபோகாமல் விற்றாள். "கடவுள்கிட்ட கைமாத்து வாங்கிருக்கேன்" என்றாளாம். அம்மா ஆசிரியையாகி முதல் சம்பளம் வாங்கியதும் ஒரு மூட்டை அரிசி ஆலயத்துக்குப் போனது. கடவுளிடம் கடன் கேட்கலாம், அவர் மறுக்கமாட்டார், திருப்பிக் கொடுத்தால் போதும் என்ற அந்த உறவு எந்த இறையியல் நூலிலிருந்தும் வந்ததல்ல. தினமும் ஒரு பிடி கொடுத்துக் கொடுத்து வந்த நெருக்கம் அது.

பொறுமையாயிரு, ஜெபி

இதோடு நிறுத்தினால் கட்டுரை இனிமையாக முடியும். ஆனால் ஓரத்துத் தேதிகள் மீதமிருக்கின்றன.

ஆச்சி ஒருமுறை சபைப் பெரியவர் ஒருவரிடம் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் சொன்ன பதில் இரண்டே சொற்கள்: பொறுமையாயிரு, ஜெபி. அவள் பொறுமையாயிருந்தாள், ஜெபித்தாள். நாற்பது வருடம். அவள் அடிவாங்கியது தெருவுக்கே தெரியும். அதே வீட்டில் இரவு ஏழு மணிக்குக் குடும்ப ஜெபத்தைத் தாத்தா நடத்தினார் என்பதும் தெரியும். அவளுக்கு எழுத்தையும் குரலையும் கொடுத்த அதே பழக்கம், அவள் வாயை அடைக்கவும் பயன்பட்டது. ஜெபி என்று ஒரு பெண்ணிடம் சொல்வது, நான் ஒன்றும் செய்யமாட்டேன் என்பதை மரியாதையாகச் சொல்லும் வழியாக எத்தனை வீடுகளில் இருந்திருக்கிறது? இன்றும் என் மாணவிகள் சிலர் வந்து சொல்லும் கதைகளில் இந்த இரண்டு சொற்கள் மாறாமல் இருக்கின்றன.

அவளுடைய வேதாகமத்தில் அதிகம் தேய்ந்த பக்கம் சாமுவேலின் முதலாம் புத்தகம், முதல் அதிகாரம். பிள்ளையில்லாத அன்னாள் ஆலயத்தில் நின்று அழுகிறாள். குரல் வெளியே வரவில்லை. வாசல் நிலையருகே உட்கார்ந்திருந்த ஆசாரியன் ஏலி அவளைப் பார்த்து, குடித்திருக்கிறாள் என்று முடிவு செய்கிறான். பெண்ணின் ஜெபத்தை ஆசாரியன் வெறி என்று படித்த காட்சி அது. இந்தப் பகுதியைப் பிள்ளை வரம் கிடைத்த கதையாகத்தான் நான் பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் அன்னாள் அங்கே பேசாமல் போகவில்லை. நீர் நினைப்பதுபோல் நான் இல்லை என்று ஆசாரியனுக்கு நேராகப் பதில் சொல்கிறாள். தான் என்ன செய்துகொண்டிருக்கிறாள் என்பதைத் தானே விளக்குகிறாள். அவன் தன் எண்ணத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதாகிறது. ஆச்சி அடிக்கோடிட்டிருப்பது வரம் கிடைத்த வசனத்தை அல்ல, அந்தப் பதிலை.

ஓரத்துத் தேதிகளையும் நான் இப்போது அப்படித்தான் வாசிக்கிறேன். காவல்நிலையம் எழுதாத, சபை எழுதாத புகாரை அவள் அந்த வீட்டில் யாரும் கிழித்துப்போடத் துணியாத ஒரே புத்தகத்தில் எழுதிவைத்தாள். அதைச் சாட்சி என்று சொல்லலாம். கிறிஸ்தவ வழக்கில் 'சாட்சி' என்றால் கடவுள் செய்த நன்மையை எழுந்து நின்று சொல்வது. நீதிமன்ற வழக்கில் வேறு பொருள். ஆச்சியின் பென்சிலில் இரண்டு பொருளும் ஒன்றாயின. ஆனால் அதை வாசிக்க ஒருவரும் வரவில்லை. நான் வந்தபோது அவள் இல்லை. இதை வெற்றிக் கதையாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

வாசற்படி

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எங்கள் வீட்டுக் குடும்ப ஜெபத்தில் அனைவரும் பாயில் உட்காருவோம். கிணற்றடியில் பாத்திரம் தேய்த்த அக்கா மட்டும் வாசற்படிக்கு வெளியே முற்றத்தில் நிற்பார். அவரும் கிறிஸ்தவர்தான். எங்கள் ஆலயத்திலேயே ஞானஸ்நானம் பெற்றவர். சபைக்குள் சாதி கூடாது என்று ஆயர் டேனியல் வில்சன் 1833இலேயே ஆணையிட்டார். அந்த ஆணை எங்கள் முற்றத்தைத் தாண்டி உள்ளே வர நூற்றைம்பது வருடம் போதவில்லை. ஆச்சி ஐந்து மணிக்கு ஜெபிக்க உட்காரமுடிந்தது, நாலரைக்கே அந்த அக்கா வந்து தண்ணீர் இறைத்ததால். ஒரு பெண்ணின் தனிமை நேரத்துக்கு இன்னொரு பெண்ணின் முதுகு விலையாக இருந்தது. அந்த அக்கா எப்போது ஜெபித்தார், என்ன சொல்லி ஜெபித்தார் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தோன்றும் வயது எனக்கு வந்தபோது அவர் இறந்திருந்தார்.

தென்னிந்தியத் திருச்சபையில் 2013இல் புஷ்பலலிதா முதல் பெண் பேராயரானார். அதைக் கேட்டபோது மகிழ்ச்சியாக இருந்தது. பீடம் ஏறுவது தேவை. ஆனால் ஜெபத்தின் வரலாறு பீடத்தில் மட்டும் நடப்பதில்லை என்பதை ஆச்சியும் அந்த அக்காவும் எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்.

"பெண்ணியம் பேசிக்கிட்டே ஜெபம் பண்ணலாமா மேடம்?" என்று வகுப்பு முடிந்து ஒரு மாணவி தயங்கித் தயங்கிக் கேட்டாள். பண்ணலாமா கூடாதா என்று சொல்வதற்கு நான் ஏலியும் இல்லை, சபைப் பெரியவரும் இல்லை. அவளிடம் நான் சொன்னது இதுதான். நீ ஜெபிக்கும்போது உன் குரல் வளர்கிறதா, சுருங்குகிறதா என்று பார். உன்னை ஜெபிக்கச் சொல்பவர், அதற்கு மேல் உனக்காக ஏதாவது செய்யத் தயாராக இருக்கிறாரா என்று பார். நீ ஜெபிக்கும் நேரத்தில் வாசற்படிக்கு வெளியே யார் நிற்கிறார் என்றும் பார்.

ஆச்சியின் வேதாகமத்தின் நடுவில், இரண்டு ஏற்பாடுகளுக்கும் இடையே, பிறப்பு, திருமணம், இறப்பு என்று குடும்ப விவரம் எழுத ஒரு பக்கம் உண்டு. பேனாவால் தாத்தாவின் கையெழுத்தில் பெயர்கள். எல்லாம் எங்கள் குடும்பத்துப் பெயர்கள். இறப்புப் பகுதியின் அடியில், பென்சிலால், ஆச்சியின் கையெழுத்தில் ஒரு பெயரும் ஒரு தேதியும் இருக்கின்றன. அது அந்த அக்காவின் பெயர். வாசற்படிக்குள் அழைக்காத கை, பெயரைக் குடும்பத்தின் பக்கத்தில் எழுதியிருக்கிறது. அது போதாது. அது ஆச்சிக்கும் தெரிந்திருக்கும். அந்தப் பெயரை இந்தக் கட்டுரையில் எழுத வேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன். அதற்கு அவருடைய மகளிடம் கேட்க வேண்டும். அடுத்த வாரம் ஊருக்குப் போகிறேன். வேதாகமத்தையும் எடுத்துப் போகிறேன்.